மாப்பிள்ளைக்கு, எண்ணெய் வந்து சேரும் முன்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நான் சுகம். வீடு ஏறக்குறைய சுகம். லிஃப்ட் தேறி வருகிறது. அங்கு தாங்களும், என் மகளும், யார் ஜாடை என்று இன்னும் முடிவாகாத என் பேரனும், அவனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் என் வீட்டுக்காரியான உங்கள் அத்தையும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு, அதுவும் வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு நூலகத்து விலாசத்துக்கு எதற்கு என்று தாங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு கையில் குழந்தையும் புட்டியும் துணியும் இருப்பதால் அதைக் காதில் வைக்க யாருக்கும் கை மிச்சமில்லை. நான் 'ஹலோ' என்றால் மூன்று பேர் 'சொல்லுங்க' என்கிறீர்கள். மூன்று பேரிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. தாங்கள் நூலகர். இந்தக் கடிதத்தை ஏதாவது ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்துப் படித்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். சிரிப்பு வந்தாலும் அங்கே அடக்கித்தான் ஆகவேண்டும் என்பதும் எனக்கு ஒரு சௌகரியம்.

முதலில் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். என் மகள் பெயருக்கு ஒரு பார்சல் வரும். பழுப்புக் காகிதம், சணல் கட்டு, ஒரு மூலையில் லேசாக ஈரம் இருக்கலாம். அதைத் தாங்கள் வாசலிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கி, சாய்க்காமல், ஒரு வாளிக்குள் நிறுத்தி, உங்கள் அத்தையின் மூக்குக்கு எட்டாத இடத்தில் வைத்து, பிறகு சந்தர்ப்பம் பார்த்துக் கண்காணாமல் தொலைத்துவிட வேண்டும். அதற்குள் இருப்பது தலைக்குத் தேய்க்கும் மூலிகை எண்ணெய். நானே என் கையால் காய்ச்சியது. தாங்கள் இதை வேறுவிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கள் தலையை மனதில் வைத்துக் காய்ச்சியதல்ல. தங்கள் தலையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. கல்யாணத்துக்கு முன்பு உங்கள் அத்தை ஒரே ஒரு தடவை ஏதோ சொன்னாள், நான் அப்போதே, "நெத்தி விசாலம்னு சொல்லு" என்று திருத்திவிட்டேன். அத்தோடு சரி.

இனி ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். உங்கள் அத்தை அங்கே கிளம்பும்போது என்னையும் அழைத்துப் போவாள் என்று நினைத்து அவள் பெட்டியில் என் சட்டை இரண்டை வைத்தேன். அவள் இரண்டையும் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, "நீங்களும் வந்தா அங்க ரெண்டு குழந்தையைப் பாத்துக்கணும். என்னால ஒண்ணைத்தான் பாத்துக்க முடியும்" என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து பழகியவள். யாரை உள்ளே விடுவது, யாரை வராந்தாவில் உட்கார வைப்பது என்பதில் அவளிடம் அப்பீல் கிடையாது. போகும்போது, அடுப்பில் வெந்நீரைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். நானும் உத்தரவு மாறாமல்தான் இருந்தேன், என் மகள் போன் செய்யும்வரை.

அன்று அதிசயமாக ஸ்பீக்கர் இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அப்பா, சீப்பைப் பாத்தாலே பயமா இருக்குப்பா" என்றாள். "சீப்பைப் பாத்து என்னம்மா பயம்?" என்றேன். "சீவினா கை நிறைய வருது. குளிக்கிற எடத்துல, தலையணையில, எங்க பாத்தாலும் முடி. குழந்தை விரல்ல கூடச் சுத்திக்கிட்டுக் கிடக்கு. கண்ணாடி பாக்கவே பிடிக்கலப்பா" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். பெற்ற தகப்பன் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமல்லவா. நான், "முடிதானேம்மா" என்றேன். அவள் அழுகை டக்கென்று நின்றது. அப்படி நிற்பது நல்ல அறிகுறி அல்ல என்று கல்யாணமானவர் தாங்கள் அறிவீர்கள். "ஆமாப்பா. முடிதானே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு சொல் என்னைச் சாப்பிட விடவில்லை. நான் காலமெல்லாம் லிஃப்டுகளைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன். லிஃப்டைத் தாங்குவது கயிறு. கயிற்றில் எட்டுப் பிரி, ஒவ்வொரு பிரியிலும் ஏகப்பட்ட கம்பி. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கயிற்றைத் தடவிப் பார்ப்பேன். அறுந்த கம்பி இருந்தால் துணியில் மாட்டும். ஒன்றிரண்டு மாட்டினால் குறித்து வைப்பேன். அதற்குமேல் போனால் லிஃப்டை நிறுத்து என்று சொல்லிவிடுவேன். கட்டட முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாலும், 'கம்பிதானே, போகட்டும்' என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. ஊரான் லிஃப்டுக்குக் காட்டிய அக்கறையைப் பெற்ற மகளுக்குக் காட்டவில்லையே என்று தட்டைத் தள்ளி வைத்தேன். உங்கள் அத்தை காலை ஷிஃப்டுக்குப் போன நாளில் பள்ளிக்கூடம் கிளம்பும் மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டவனே நான்தான். எட்டுப் பிரி தெரிந்தவனுக்கு மூன்று பிரி ஒரு பொருட்டா. நான் போட்ட பின்னல் சாயங்காலம்வரை ஒரு முடி பிசகாது. அதை அவிழ்க்கத்தான் உங்கள் அத்தை படாதபாடு படுவாள். அப்பேர்ப்பட்ட முடி கொட்டுகிறது என்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா, தாங்களே சொல்லுங்கள்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு கடைகள். ஒன்று பல் டாக்டரின் கிளினிக். எதிரில் தையல்கார அம்மாவின் கடை. அந்த அம்மாவுக்கு முழங்கால் தொடும் பின்னல். மெஷினில் உட்காரும்போது சக்கரத்தில் மாட்டாமல் இருக்க அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், ஏதோ வளர்ப்புப் பிராணி மாதிரி. இவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது என்று போனேன். ஆனால் அடுத்த வீட்டுப் பெண்மணியின் கூந்தலைப் பற்றி எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை. அதற்காக ஒரு நல்ல சட்டையை எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கண்ணே கிழிசல்?" என்றார். "இன்னும் கிழியலம்மா. கிழியற மாதிரி இருக்கு" என்றேன். அவர் சட்டையைக் கீழே வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உடனே அவருக்கு மனசு இளகிவிட்டது. "அட, இதுக்குத்தானா. எங்கம்மா செய்யற எண்ணெய் இருக்கு, எழுதிக்கோங்க. தேங்காய் எண்ணெய் ஒரு பெரிய புட்டி. செம்பருத்தி, பூவும் இலையுமா ஒரு மடி. கறிவேப்பிலை ரெண்டு கை. கரிசலாங்கண்ணி ஒரு கட்டு. நெல்லிக்கா நாலஞ்சு. வெந்தயம் கொஞ்சம்" என்றார். "கொஞ்சம்னா எவ்வளவும்மா?" என்றேன். "கொஞ்சம்னா கொஞ்சம்தான் அண்ணே." "ரெண்டு கைன்னா யாரு கையால?" "காய்ச்சறவங்க கையால." "எவ்வளவு நேரம் காய்ச்சணும்?" "சடசடன்னு சத்தம் வரும். அது அடங்கினதும் எறக்கிடணும். அவ்வளவுதான்." மாப்பிள்ளை, நூலிழை அளவுக்குக் கருவி வைத்து அளந்தவனுக்கு இப்படி ஒரு செய்முறை கொடுத்தால் அவன் என்ன ஆவான்.

மற்றதெல்லாம் கடையில் கிடைத்தது. செம்பருத்திதான் விலைக்கு இல்லை. பல் டாக்டர் கிளினிக் வாசலில் வரிசையாகச் செம்பருத்தித் தொட்டி வைத்திருக்கிறார், பல் பிடுங்க வருகிறவர்கள் மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று. அவர் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மகள் கல்யாணமாகிப் போன பிறகு வந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளினிக் திறக்குமுன், லிஃப்ட் சாமான் வைக்கும் என் பழைய பையோடு போய்ப் பறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். "என்ன சார் காலங்காத்தால?" என்றார். "கொஞ்சம் பூ, டாக்டர். கேட்டுட்டுப் பறிக்கணும்னுதான் இருந்தேன்" என்றேன். "பறிங்க பறிங்க. யாருக்கு?" "பொண்ணுக்கு." "பொண்ணுக்கா?" "ஆமா. ரொம்ப அழுவுறா, பாவம். என்னால தாங்க முடியல." அவர் கொஞ்சம் யோசித்து, "வீட்டம்மா ஊர்ல இல்லை போலிருக்கே" என்றார். "அதனாலதான் டாக்டர் தைரியமா எறங்கிட்டேன். அவ இருந்தா விடவே மாட்டா. நீங்களும் சொல்லிடாதீங்க" என்றேன்.

இதில் ஒரு வார்த்தையாவது பொய் உண்டா மாப்பிள்ளை. இப்போது எழுதிப் படித்துப் பார்க்கும்போதுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கே தெரிகிறது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உங்க வயசுல..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார். இந்த வயதிலும் மகளுக்காக இப்படி அலைகிறாரே என்று நெகிழ்ந்து போனதாக நினைத்துக்கொண்டேன். பூவில் காம்பைக் கிள்ள வேண்டுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. பை நிறையச் சிவப்புப் பூவோடு நேரே எதிரிலிருந்த தையல்கடைக்குள் நுழைந்தேன். திரும்பிப் பார்த்தபோது டாக்டர் ஜன்னலில் நின்று கையை ஆட்டினார். நானும் சந்தோஷமாகக் கையை ஆட்டினேன்.

காய்ச்சிய கதைக்கு வருகிறேன். வெந்தயத்தை ஊறப் போட்டு அரைத்தால் நைசாக வரும் என்று எனக்கே ஒரு யோசனை. 'கொஞ்சம்' என்றால் ஒரு டம்ளர் என்று நானாக முடிவு செய்து ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் அது கிண்ணத்தை விட்டு எழுந்து நிற்கிறது, கூடத்துக்கு வரத் தயாராக. அதையும் இலை பூ எல்லாவற்றையும் மிக்ஸியில் அடைத்தேன். சுற்ற மறுத்தது. தண்ணீர் ஊற்றினேன். மறுபடி மறுத்தது. மறுபடி ஊற்றினேன். பிறகு சுற்றிய சுற்றில் மூடி ஒரு பக்கமும் வெந்தயம் மறுபக்கமுமாகப் பறந்தன. மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அந்த மிக்ஸியில் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. நான் பரிசோதகராக இருந்திருந்தால் அதற்கு அனுமதியே கொடுத்திருக்கமாட்டேன். சமையலறைக் கூரையில் இப்போது ஒரு பச்சைத் தேசப்படம் இருக்கிறது. மீந்த விழுதை அப்படியே சூடான எண்ணெயில் போட்டேன். தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. சடசடவென்று ஆரம்பித்தது. சடசடப்பு படபடப்பாகி, பச்சை நுரை பாத்திரத்தின் கழுத்தைத் தாண்டி அடுப்பில் இறங்கி, புகை எழும்பி, நடைவழியில் இருக்கும் தீ அலாரம் ஊளையிட ஆரம்பித்தது. அடுப்பை உடனே அணைத்துவிட்டேன், அந்த மட்டும் புத்தி இருந்தது. மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் படியிறங்கி ஓடி வந்தார்கள். "ஒண்ணும் இல்லை, எண்ணெய்தான்" என்றேன். அதைக் கேட்டு இன்னும் வேகமாக இறங்கினார்கள்.

மீதியை மொட்டை மாடியில் காற்றோட்டமாகக் காய்ச்சலாம் என்று தீர்மானித்தேன். சின்ன அடுப்பை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பாத்திரத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்காக நின்றேன். அந்த லிஃப்டுக்குள், 'எண்ணெய்ப் பாத்திரங்களை எடுத்துச் செல்லக் கூடாது' என்று ஓர் அறிவிப்பு உண்டு. நான் எழுதியது. நான் கையெழுத்துப் போட்டது. ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கட்டடத்து லிஃப்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியுமே. கதவு திறந்தது. உள்ளே பல் டாக்டர், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், அறிவிப்பைப் பார்த்தார், ஒதுங்கி இடம் விட்டார். லிஃப்ட் கிளம்பிய குலுக்கலில் பாத்திரம் தளும்பிற்று. எண்ணெய் தரையில் இறங்கியது. டாக்டர் அதில் கால் வைத்தார். அவர் வழுக்கிப் போய்க் கதவில் சாய, கதவு இம்மி விலக, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. கதவு விலகினால் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி அது சரியாக நின்றதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் அறிவிப்பின் அடியில் இருந்த அவசர எண்ணைப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. எண்ணும் என்னுடையதுதான். நான் பழக்க தோஷத்தில் எடுத்து, "லிஃப்ட் பிரிவு, சொல்லுங்க" என்றேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்து, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம் சார்" என்றார். "பதட்டப்படாதீங்க, ஆள் வந்துடும்" என்றேன். பிறகு இருவரும் போனை வைத்தோம். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் என் தோளில் கை வைத்தார். "சார், கடவுளே இப்படி ஒரு சந்தர்ப்பம் குடுத்திருக்கார். மனசு விட்டுப் பேசுங்க. அந்தப் பொண்ணு யாரு?" என்றார். "என் பொண்ணுதான் டாக்டர்" என்றேன். "அதான் சார், உங்க பொண்ணுதான். யாருன்னு கேக்குறேன்." "நான் பெத்த பொண்ணு." அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "அப்ப தையல்கடை?" என்றார். "பக்குவம் கேக்கப் போனேன்" என்றேன். அவர் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியே ஆடியது. நான் அவரைச் சிரிக்க வேண்டாம், பாரம் ஒரு பக்கமாகச் சாயும் என்று எச்சரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தி, "அய்யோ, நான் எங்க வீட்டுல சொல்லிட்டேனே சார்" என்றார். "என்னன்னு சொன்னீங்க?" "நீங்க சொன்னதைத்தான். ஒரு வார்த்தை கூட்டிக் கொறைக்கல." மாப்பிள்ளை, டாக்டர் வீட்டம்மாவும் உங்கள் அத்தையும் தினமும் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். ஒருத்திக்குத் தும்மல் வந்தால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள். இதுதான் நான் தங்களிடம் வைக்கும் இரண்டாவது வேண்டுகோள். இங்கிருந்து ஏதாவது சேதி வந்து உங்கள் அத்தையின் முகம் மாறினால், நடந்தது இதுதான் என்று தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. தாங்கள் எது சொன்னாலும் அவள் நம்புவாள், தங்களிடம் அவளுக்கு அவ்வளவு மதிப்பு. நெற்றியைப் பார்த்தாலே அறிவாளி என்று தெரிகிறதாம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதவு மூடாததற்குக் காரணம், அது ஓடும் பள்ளத்தில் செம்பருத்தி விழுது போய் அடைத்துக்கொண்டதுதான். விரல் நுழையாத இடம். டாக்டர் தன் கோட்டுப் பையிலிருந்து பல் நோண்டும் கொக்கியை எடுத்தார். வெள்ளைக் கோட்டோடு தரையில் மண்டியிட்டு, நான் போன் வெளிச்சம் காட்ட, மூலை மூலையாகச் சுரண்டி எடுத்தார். இடையில் ஒருமுறை நிமிர்ந்து, "நல்லா தொறங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். கதவு மூடி லிஃப்ட் கிளம்பியபோது நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம். பாவ மன்னிப்பு கேட்பது மாதிரி அவரும் மொட்டை மாடிக்கு வந்து, தீயைக் குறைத்து வைத்து, என்னோடு மாறி மாறிக் கிளறினார். சடசடப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கடைசியில் ஒரே ஒரு குமிழி வந்து உடைந்து, பிறகு சத்தமில்லை. இருவரும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இறக்கினோம். அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்ல வார்த்தையில்லை. வடிகட்டத் துணி இல்லை. கையில் கிடைத்த தலையணை உறையில் வடிகட்டினேன். உங்கள் அத்தை பூவேலை செய்த ஜோடி உறையில் ஒன்று அது என்று பிறகுதான் பார்த்தேன். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை என்றால் கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா. அதனால் மற்றதையும் பச்சையாக்கிவிட்டேன்.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த லிஃப்டையும் நான் ஓட விட்டதில்லை. ஆகவே முதலில் என் தலையிலேயே தேய்த்துப் பார்த்தேன். தலையில் ஒன்றும் மாற்றமில்லை, மாறுவதற்கு அங்கே அதிகம் இல்லை. ஆனால் என் வெள்ளை மீசை வெளிர்ப் பச்சையாகிவிட்டது. நாற்றம் என்று சொல்ல மாட்டேன். கடுமையான ஆரோக்கியம் மாதிரி ஒரு வாசனை. அதோடுதான் தபால் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "உள்ள திரவமா சார்?" என்றாள். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "காலையில கட்டி, மத்தியானம் தண்ணிம்மா" என்றேன். "இப்ப என்ன?" என்றாள். தேங்காய் எண்ணெய், எங்கள் பக்கம் அன்று நல்ல குளிர். "இப்ப கட்டிதான்" என்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். உங்கள் பக்கம் வெயில் என்பது வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

இத்தோடு நின்றிருந்தால் நான் தங்களுக்கு இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் ஊற்றி, நன்றி சொல்லித் தையல்கார அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சட்டென்று மூடினார். "நீங்க நெஜமாவே செஞ்சுட்டீங்களா அண்ணே?" என்றார். "பின்னே? உங்க முடியைப் பாத்துத்தானே" என்றேன். அவர் கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு பின்னலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. மெஷின் மேல் வைத்தார். "சவுரி அண்ணே" என்றார். "அப்ப அந்த எண்ணெய்?" என்றேன். "அது எங்கம்மா சொன்னது." "அம்மாவுக்கு நல்ல முடியா?" "அம்மாவுக்கும் சவுரிதான்." அவர் மெஷின் மேல் சுருண்டு கிடந்ததைத் தடவிக்கொடுத்தார். "எனக்கும் குழந்தை பொறந்தப்ப இப்படித்தான் கொட்டிச்சு" என்றார். "நானும் குடம் குடமா எதையெதையோ தேய்ச்சேன். அப்புறம் அதுவா நின்னுச்சு, அதுவா வந்துச்சு. இது தொழிலுக்காக வெச்சுக்கிட்டது. பாக்கறவங்க ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க, அப்படியே துணியும் குடுப்பாங்க. உங்க பொண்ணு அழுவுதுன்னு சொன்னீங்க, சும்மா அனுப்ப மனசு வரல. அதான் சொன்னேன்." அவரைக் கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை. நானும் அதே மனசோடுதானே கூரைவரை வெந்தயம் அடித்தேன்.

ஆக, பார்சல் வேண்டாம். பலனில்லாத எண்ணெய், மீசையைப் பச்சையாக்கும் எண்ணெய், சந்தேகமான மூடி. ஏற்கனவே மனம் நொந்திருக்கும் பெண் அதை நம்பித் தேய்த்து, தலையணை எல்லாம் பச்சையாகி, முடியும் நிற்கவில்லை என்றால் இன்னும் அழுவாள். 'முடிதானே' என்று சொன்ன தகப்பன் அதற்குப் பிராயச்சித்தமாக அனுப்பியது இதுதானா என்று நினைப்பாள். தாங்கள் அதை ஒழித்துவிட்டு, நான் எதுவும் அனுப்பவில்லை என்பது போல இருந்துவிடுங்கள். நானும் இனி இந்த ஜன்மத்தில் அடுப்புப் பக்கம் போவதில்லை என்று கூரையைப் பார்த்துச் சபதம் செய்திருக்கிறேன்.

என் மகளுக்கு என் ஆசிகள். பேரனுக்கு என் முத்தங்கள், தாங்களே எனக்காகக் கொடுத்துவிடவும். உங்கள் அத்தைக்கு என் அன்பு, ஆனால் நான் கடிதம் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். தங்களுக்குப் பதவியும் ஆரோக்கியமும் நீண்ட ஆயுளும் மேலும் மேலும் வளரட்டும். வளர வேண்டிய மற்றதும் வளரட்டும். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது, அதனால் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். ஸ்பீக்கர்தான். பார்சல் நேற்றே வந்துவிட்டதாம். தாங்கள் நூலகத்துக்குப் போயிருந்தபோது உங்கள் அத்தையே கையெழுத்துப் போட்டு வாங்கினாளாம். என் மகள் பேச முயன்றாள், சிரிப்பில் வார்த்தை வரவில்லை. "அப்பா, இது என்னப்பா வாசனை, குழந்தை தும்மறதை நிறுத்தவே மாட்டேங்கறான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பின்னாலிருந்து உங்கள் அத்தையின் குரல் கேட்டது. பிறகு உங்கள் அத்தை போனை வாங்கி, டாக்டர் வீட்டம்மா முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றும், "பொண்ணுக்கு" என்றதுமே தனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றும், இந்த மனுஷன் எதுவரைக்கும் போகிறார் பார்க்கலாம் என்றுதான் பேசாமல் இருந்ததாகவும் சொன்னாள். நான் வாயைத் திறக்குமுன் என் மகள், "அப்பா, எண்ணெய் கெடக்கட்டும். நீங்க எப்ப வர்றீங்க? அவனைக் கொஞ்ச நேரம் வெச்சுக்க ஆள் இல்லைப்பா" என்றாள். உங்கள் அத்தை மறுக்கவில்லை. ஸ்பீக்கரில் மூன்று மூச்சு நான் கேட்டேன், அதில் ஒன்று பேரனுடையது.

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோள் எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். இவ்வளவு மையையும் காகிதத்தையும் வீணாக்க மனம் வராததால் இந்தக் கடிதத்தை நானே கொண்டு வந்து தங்கள் கையில் தருகிறேன். தாங்கள் படிக்கும்போது எதிரில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் பேரனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.